தண்ணீர் குடியாத எலி
(கூட்டுறவு இலாகா இன்ஸ்பெக்டர் ஒருவர் எழுதியது)

சில வருஷங்களுக்கு முன்பு, மழை பொய்த்துப்போன ஒரு கோடையில், புன்செய்க் கிராமமொன்றின் கூட்டுறவுச் சங்கப் பொதுக்கூட்டத்திற்கு நான் சென்றிருந்தேன். ஆடி விதைப்புக்கு முன்னதாக ஊர் நிலங்கள் முழுவதிலும் ஒரே வாரத்தில் எலிகளை ஒழிப்பது என்றும், அதற்காகும் செலவைச் சங்கத்தின் பொதுநன்மை நிதியிலிருந்து கொடுப்பது என்றும் ஒரு தீர்மானம் அன்று ஆலோசனைக்கு வந்தது. அப்போது வயது முதிர்ந்த அங்கத்தினர் ஒருவர் எழுந்து, "இன்ஸ்பெக்டர் ஐயா, ஏரி வற்றி நாலு மாதமாயிற்று. கிணற்றில் குடம் நனைய ஜலமில்லை. மனிதருக்கும் மாட்டுக்குமே இல்லாதபோது எலி எதைக் குடித்து உயிர் வைத்திருக்கும்? தாகத்தால் தானாகவே மாண்டுபோகும். சங்கத்துப் பணத்தை ஏன் வீணாக்க வேண்டும்?" என்றார். கூடியிருந்தோர் யாவரும் அதுவே நியாயம் என்றனர். எனக்கும் மறுமொழி கூறத் தெரியவில்லை. தீர்மானம் ஒத்திவைக்கப்பட்டது.

பின்பு மழை பெய்தது, நிலக்கடலை விதைத்தார்கள். விதைத்த மூன்றாம் நாளே, சாலுக்குச் சால் பருப்பு தோண்டியெடுக்கப்பட்டு வெறும் குழிகள் கிடந்தன. சங்கத்தில் விதைக்கடன் வாங்கியவர்களுள் சிலர் இரண்டாம் முறை விதை வாங்க நேரிட்டது. ஒரே விளைச்சலிலிருந்து இரண்டு விதைக்கடனைத் தீர்க்க வேண்டியவன் படும் பாட்டை அங்கத்தினர்களுக்கு நான் எடுத்துரைக்க வேண்டியதில்லை.

அந்தப் பெரியவர் கேட்ட கேள்வி நல்ல கேள்வியே. அதற்கு நாங்கள் எல்லோரும் ஒப்புக்கொண்ட விடைதான் பிழையானது. "எலி எதைக் குடித்து வாழ்கிறது?" என்பதற்கு உண்மையான விடையைப் பிற்பாடு நூல்களில் தேடிப் படித்தறிந்தேன். அதையே இங்கே எழுதுகிறேன்.

வளை என்னும் வீடு

நிலத்தில் வளை தோண்டி வாழும் பாலூட்டிப் பிராணிகள் உலகத்தின் எல்லா வறண்ட பிரதேசங்களிலும் உண்டு. அவற்றுள் மிகவும் நுட்பமாக ஆராயப்பட்டது அமெரிக்காவின் பாலைநிலங்களில் வசிக்கும் கங்காரு எலி. அதன் பின்னங்கால்கள் நீண்டிருப்பதாலும், தாவித் தாவிச் செல்வதாலும் அப்பெயர் வந்ததே தவிர, கங்காருவுக்கும் அதற்கும் உறவில்லை. 1940-ஆம் ஆண்டுகளின் பிற்பகுதியில் குனூட் ஷ்மிட்-நீல்சன், அவர் மனைவி போடில் ஷ்மிட்-நீல்சன் என்னும் இரு விஞ்ஞானிகள் அரிஜோனா பாலைவனத்தில் இந்த எலியை ஆராய்ந்தனர். உலர்ந்த பார்லி மணிகளைத் தவிர வேறொன்றும் கொடாமல், ஒரு துளி தண்ணீரும் வைக்காமல் வளர்த்தபோதும், அது மெலியாமல் நலமாக இருப்பதை அவர்கள் கண்டார்கள்.

இதற்கு முதற் காரணம் அதன் வளை. கோடைப் பகலில் பாலைவனத்து மேல்மண் 60 டிகிரி சென்டிகிரேடுக்கு மேலும் காய்ந்துவிடும். கையளவு உடம்புள்ள பிராணி அந்த வெயிலில் நின்றால் சிறிது நேரமும் தாங்காது. நாம் வியர்த்து உடம்பைக் குளிரச் செய்துகொள்கிறோம். எலிக்கு அவ்விதம் வியர்க்கும் சக்தியில்லை, இருந்தாலும் பயன்படாது. உடல் சிறுக்கச் சிறுக்க, எடையைப் பார்க்கினும் மேற்பரப்பின் விகிதம் அதிகமாகும். ஆகையால் அது வியர்த்துக் குளிர முற்பட்டால், உடம்பிலுள்ள நீரெல்லாம் சீக்கிரத்தில் வற்றிப்போகும். எனவே பகல் முழுவதும் அது வளைக்குள் தங்கி, இரவு குளிர்ந்த பிறகே இரை தேட வெளிவருகிறது. பல பிராணிகள் பகலில் வளையின் வாயை மண்ணால் அடைத்துக்கொள்ளவும் செய்கின்றன.

வளைக்குள் சூடு குறைவு என்பது ஒரு நன்மை. இரண்டாவது நன்மை அங்குள்ள காற்றின் ஈரம். மண்ணின் ஈரமும், பிராணியின் மூச்சிலுள்ள ஆவியும் வெளியேறாமல் அங்கேயே நிற்பதால், வளைக்காற்று வெளிக்காற்றைவிட அதிக ஈரமுடையதாக இருக்கிறது. ஈரமான காற்றைச் சுவாசிக்கும்போது உடம்பிலிருந்து வெளியாகும் நீர் குறைகிறது. வளையில் சேர்த்து வைத்த தானியமும் அந்த ஈரத்தைச் சிறிது இழுத்துக்கொள்ளும். அதைத் தின்னும்போது, மூச்சில் போன நீரில் ஒரு பங்கு எலிக்குத் திரும்பக் கிடைக்கிறது.

வரவு செலவுக் கணக்கு

சங்கத்தின் கணக்கில் வரவும் செலவும் ஒத்துப்போவதுபோல, உயிருள்ள பிராணியின் உடம்பில் நீரின் வரவும் செலவும் ஒத்திருக்க வேண்டும். செலவு மிஞ்சினால் பிராணி சாகும். குடிப்பதே இல்லையென்றால் வரவு எங்கிருந்து வருகிறது?

எரியும் விளக்கின் சுடருக்கு மேலே குளிர்ந்த பாத்திரமொன்றைச் சிறிது நேரம் பிடித்தால், பாத்திரத்தின் அடியில் நீர்த்திவலைகள் படிவதைக் காணலாம். எண்ணெய் எரியும்போதே நீரும் உண்டாகிறது. அதுபோலவே நாம் உண்ணும் உணவும் உடம்பினுள் பிராணவாயுவோடு கலந்து மெதுவாக எரிந்து, சக்தியையும் அதனுடன் நீரையும் தருகிறது. 100 கிராம் மாவுச்சத்து எரிந்தால் 55 கிராமுக்குச் சற்று மேற்பட்ட நீரும், 100 கிராம் கொழுப்பு எரிந்தால் சுமார் 107 கிராம் நீரும் உண்டாகும்.

கங்காரு எலி 100 கிராம் பார்லியைத் தின்று முடிக்கச் சுமார் ஒரு மாதமாகும். 25 டிகிரி சூடும் 20 சதவிகிதம் ஈரமும் உள்ள காற்றில், அந்த 100 கிராமுக்கு மேற்படி விஞ்ஞானிகள் எடுத்த கணக்கு வருமாறு:

வரவு
உணவு எரிந்து உண்டான நீர்: 54.0 கிராம்
தானியத்தில் இருந்த ஈரம்: 6.0 கிராம்
ஆக மொத்தம்: 60.0 கிராம்

செலவு
மூச்சு வழியாகவும் தோல் வழியாகவும்: 43.9 கிராம்
மூத்திரம்: 13.5 கிராம்
மலம்: 2.6 கிராம்
ஆக மொத்தம்: 60.0 கிராம்

இக்கணக்கில் அங்கத்தினர்கள் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. வரவில் எலிக்கு யாதொரு விசேஷ சலுகையும் இல்லை. உணவு எரிந்து நீராவது எல்லாப் பிராணிகளுக்கும் பொது. நம் உடம்பிலும் தினந்தோறும் சுமார் 300 மில்லி நீர் இவ்வாறு உண்டாகிறது. ஆயினும் நாம் குடியாமல் இருக்க முடியாது. ஏனெனில் நம் செலவு அதைப்போலப் பல மடங்கு. வருமானம் ஒன்றாயிருக்கும் இரு குடும்பங்களில் ஒன்று கடன்படுவதும் மற்றொன்று கடனின்றி வாழ்வதும் எப்படிச் செலவைப் பொறுத்ததோ, அப்படியே இதுவும்.

செலவில் பெரிய தொகை மூச்சு. அதை வளை குறைக்கிறது. எலியின் மூக்கும் அதற்குத் துணை செய்கிறது. நுரையீரலிலிருந்து வெதுவெதுப்பாக வரும் காற்று, உள்ளே வந்த காற்றால் முன்பே குளிர்ந்திருக்கும் ஒடுங்கிய மூக்குத்துளைகளின் வழியாகச் செல்லும்போது குளிர்ந்து, தன்னிடமுள்ள ஆவியில் ஒரு பகுதியை அங்கேயே நீராக விட்டுச் செல்கிறது. மலமும் மிக உலர்ந்தே வெளிவருகிறது. மீதியுள்ளது மூத்திரம். அதைக் குறைப்பதே சிறுநீரகத்தின் வேலை.

சிறுநீரகம் எதற்காக நீரைச் செலவழிக்கிறது?

குண்டிக்காய் என்று நம் கிராமங்களில் சொல்லப்படும் சிறுநீரகம், இரத்தத்தைச் சுத்தி செய்யும் உறுப்பு. உணவிலுள்ள புரதம் உடம்பில் பயன்பட்ட பிறகு யூரியா என்னும் கழிவாகிறது. அதுவும், மிகுதியான உப்பும் இரத்தத்தில் தங்கினால் உயிருக்கு ஆபத்து. அவை நீரில் கரைந்தே வெளியேற முடியும். ஆகையால் எவ்வளவு சிக்கனமாயினும் மூத்திரத்தை அடியோடு நிறுத்திவிட முடியாது. அதே கழிவை எவ்வளவு குறைந்த நீரில் கரைத்து அனுப்பலாம் என்பதிலேதான் பிராணிக்குப் பிராணி வித்தியாசம்.

மனிதனுடைய மூத்திரம் மிகவும் திடமாக இருக்கும்போது, இரத்தத்தைப்போல் சுமார் 4 மடங்கு கரைபொருள் செறிவுடையதாக இருக்கும். அதற்கு மேல் நம் சிறுநீரகத்தால் இயலாது. ஆராய்ச்சிச் சாலைகளில் வளர்க்கும் வெள்ளை எலியின் சிறுநீரகம் சுமார் 9 மடங்கு வரை செய்யும். கங்காரு எலிக்கு அது ஏறக்குறைய 15 மடங்கு. ஆஸ்திரேலியப் பாலைவனத்தில் வளை தோண்டி வாழும் தாவும் சுண்டெலி ஒன்றுக்குச் சுமார் 25 மடங்கு. இதற்கு நேர்மாறாக, ஆற்றிலும் குளத்திலும் வாழும் பீவர் என்னும் பிராணிக்கு இரண்டு மடங்குதான். தண்ணீரிலேயே வாழ்பவனுக்குச் சிக்கனம் எதற்கு?

ஷ்மிட்-நீல்சன் தம்பதிகள் இச்சக்தியை வேறொரு விதமாகவும் சோதித்தார்கள். புரதம் மிகுந்த சோயா மொச்சையைக் கங்காரு எலிகளுக்கு உணவாகக் கொடுத்தபோது, யூரியா அதிகமாகி, அவற்றுக்குத் தண்ணீர் குடிக்கவேண்டிய அவசியம் நேர்ந்தது. அப்போது கடல் நீரையே வைத்தார்கள். எலிகள் அதைக் குடித்து உயிர் பிழைத்தன. மனிதன் கடல் நீரைக் குடித்தால், அதன் உப்பை வெளியேற்றக் குடித்த நீருக்கு மேலும் உடம்பிலுள்ள நீரைச் செலவழிக்க வேண்டியவனாகித் தாகத்தாலேயே மடிவான்.

கொண்டை ஊசி போன்ற குழாய்

இவ்வளவு திடமான மூத்திரத்தைச் சிறுநீரகம் எங்ஙனம் உண்டாக்குகிறது? சிறுநீரகத்தினுள் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய குழாய்கள் ஏராளமாக உண்டு. மனிதனுடைய ஒரு சிறுநீரகத்தில் அவை சுமார் 10 லட்சம். ஒவ்வொரு குழாயின் தலைப்பிலும் ஒரு சல்லடை இருக்கிறது. இரத்தத்தின் நீர் அதன் வழியாக வடிந்து குழாயினுள் இறங்குகிறது. மனித உடம்பில் இப்படி ஒரு நாளைக்கு வடிவது சுமார் 180 லிட்டர். மூத்திரமாக வெளிவருவதோ ஒன்றரை லிட்டர் அளவே. மீதி முழுவதும் குழாய்களின் வழியிலேயே மீட்கப்பட்டு இரத்தத்திற்குத் திரும்புகிறது.

அந்தக் குழாய் சிறுநீரகத்தின் மேற்புறத்திலிருந்து உட்புறம் நோக்கி நேராக இறங்கி, கொண்டை ஊசியைப்போல் வளைந்து, மறுபடியும் மேலே ஏறுகிறது. 1862-இல் ஹென்லே என்னும் ஜெர்மானிய வைத்திய அறிஞர் இவ்வளைவை முதன்முதல் விவரித்தார். ஆனால் அதன் பயன் இன்னதென்று நெடுங்காலம் விளங்கவில்லை. 1951-இல் சுவிட்சர்லாந்து தேசத்து அறிஞர்கள் அதைத் தெளிவாகக் காட்டினார்கள்.

அஃதாவது, மேலேறும் பகுதி உப்பைச் சுற்றியுள்ள சதைக்குள் இறைத்துத் தள்ளும்; ஆனால் நீரை வெளியே விடாது. கீழிறங்கும் பகுதி நீரைக் கசியவிடும். ஆதலால் அதனுள் உள்ள நீர் இறங்க இறங்க உப்பு மிகுந்து திடமாகிறது. அந்தத் திடமான நீரே வளைவைத் தாண்டி மேலேறி, மறுபடியும் உப்பைத் தள்ளுகிறது. இவ்விதமாக ஒவ்வொரு இடத்திலும் சேர்வது சொற்பமேயாயினும், வட்டிக்கு வட்டி ஏறுவதுபோல் அது பெருகி, வளைவின் அடிப்பாகத்தில் உள்ள சதை மிகுந்த உப்புச் செறிவு உடையதாகிறது. அங்கு யூரியாவும் சேர்ந்து நிற்கிறது.

கடைசியில் மூத்திரம் வெளியேறும் பொதுக் குழாய் அந்த உப்புச் சதையின் நடுவே இறங்கி வர வேண்டும். மாவடுவில் உப்பைப் போட்டுக் குலுக்கி வைத்தால், வடுவிலுள்ள நீரை உப்பு வெளியே இழுத்துவிடுவதை நம் வீடுகளில் கண்டிருக்கிறோம். அதுபோலவே பொதுக் குழாயிலுள்ள நீரைச் சுற்றியுள்ள உப்பு இழுத்து இரத்தத்திற்குத் திருப்பிவிடுகிறது. கழிவு மட்டும் சொற்ப நீருடன் வெளியேறுகிறது.

வளைவு எவ்வளவு நீளமோ அவ்வளவுக்கு உப்பு பெருகும். அவ்வளவுக்கு மூத்திரம் திடமாகும். 1944-இல் ஸ்பெர்பர் என்னும் சுவீடன் தேசத்தவர் அநேக பாலூட்டிகளின் சிறுநீரகங்களை ஒப்பிட்டு, வறண்ட நிலத்துப் பிராணிகளில் உட்பகுதி நீண்டு கூம்பிக் காம்புபோல் இருப்பதையும், நீர்வளமுள்ள இடத்துப் பிராணிகளில் அது குறுகியிருப்பதையும் எடுத்துக்காட்டினார். கங்காரு எலியில் அக்காம்பு மிக நீளமானது. பீவருக்கோ நீண்ட வளைவுகளே இல்லை.

இந்தச் சிக்கனம் எப்போதும் ஒரே அளவாக நடப்பதன்று. மூளையின் அடியிலுள்ள சிறு சுரப்பியொன்று, உடம்பில் நீர் குறையும்போது ஒரு சத்தை இரத்தத்தில் விடுகிறது. அது சேர்ந்தால் பொதுக் குழாயின் சுவரிலுள்ள நுண்ணிய மதகுகள் திறந்து நீர் மீட்கப்படும். பச்சைத் தழையும் ஈரமும் கிடைக்கும் காலத்தில் அச்சத்து குறைந்து, மூத்திரம் நீர்த்து வெளிவரும். இம்மதகுகள் எத்தன்மையவை என்பதை 1992-இல் அமெரிக்க அறிஞர் பீட்டர் ஆக்ரே கண்டறிந்தார். அதற்காக 2003-இல் நோபல் பரிசு பெற்றார்.

வளையும் சிறுநீரகமும் ஒன்றுக்கொன்று துணையாக வேலை செய்கின்றன. காற்று மிக அதிகமாக வறண்டுவிட்டால், எவ்வளவு வல்லமையுள்ள சிறுநீரகமும் கங்காரு எலியைக் காப்பாற்ற முடியாது. அதன் எடை குறைந்துகொண்டே போகும். மறுபுறத்தில், ஆப்பிரிக்காவில் நிலத்தை விட்டு வெளியே வாராமல் கிழங்குகளையே தின்று வாழும் ரோமமற்ற வளையெலிக்கு, வளையின் ஈரமும் கிழங்கின் சாறும் போதுமானவை. அதனுடைய சிறுநீரகத்தின் சக்தி நடுத்தரமானதே. எவ்விடத்தில் எவ்வளவு தேவையோ அவ்வளவே அமைந்திருக்கிறது.

நம் நிலத்து எலிகள்

நம் புன்செய் நிலங்களில் வளை தோண்டும் வெள்ளெலியை அங்கத்தினர்கள் அறிவார்கள். முதுகு மணல் நிறம்; வயிறு வெண்மை; கண்கள் பெரியவை; நீண்ட வாலின் நுனியில் கருமையான மயிர்க்கொத்து. இது கங்காரு எலியின் இனமன்று; ஆயினும் வாழ்க்கைமுறை அதைப் போன்றதே. பகலில் வளையில் தங்கும். இரவில் தானியமும் விதையும் தின்னும். பூச்சியும் பசுந்தளிரும் கிடைத்தால் அவற்றின் ஈரத்தையும் ஏற்றுக்கொள்ளும். இராஜஸ்தானத்துப் பாலைவனத்திலும் இவ்வெள்ளெலி வசிக்கிறது. அவ்விடத்து வறட்சியைத் தாங்கும் பிராணி, நம் ஊர் ஏரி வற்றியதைக் கண்டு அஞ்சப்போவதில்லை.

நன்செய் வரப்புகளில் இருக்கும் அகழான் என்னும் வரப்பெலி வேறு வகை. கருமை கலந்த பழுப்பு நிறமும் முரட்டு மயிரும் உடையது. வளையின் வாயில் புதுமண்ணைக் குவித்து அடைத்துவைக்கும். நெற்கதிர்களைக் கத்தரித்து வளைக்குள் சேர்க்கும். இது நீர்ப்பாங்கான இடத்தையே நாடி வாழ்வது.

அங்கத்தினர்கள் கவனிக்க வேண்டியவை

முதலாவது, புன்செய் எலியைக் கோடை கொல்லும் என்று நம்பிக் கையைக் கட்டிக்கொண்டிருக்கலாகாது. அறுவடை முடிந்து, நிலம் வெறுமையாகி, வளைகள் கண்ணுக்குத் தெரியும் கோடையே நாம் வேலை செய்யத் தக்க காலம். மாலையில் எல்லா வளைகளையும் மண்ணால் மூடிவிட்டு, மறுநாட் காலையில் எவை திறந்திருக்கின்றனவோ அவற்றிலேதான் எலி உண்டென்று அறிந்து அவற்றை மட்டும் கவனித்தால், உழைப்பும் செலவும் மீதமாகும்.

இரண்டாவது, தானாகக் குடியாத பிராணிக்குத் தண்ணீரில் மருந்து கலந்து வைப்பதால் பயனில்லை. இரையில்தான் வைக்க வேண்டும். மருந்து கலவாத இரையை இரண்டு மூன்று நாள் வைத்துப் பழக்கிய பிறகே மருந்திரை வைப்பது நலம். இன்றேல் சந்தேகப்பட்டுத் தொடாது. மருந்தின் பெயர், அளவு முதலியவற்றை விவசாய இலாகா உத்தியோகஸ்தரைக் கேட்டறிந்தே செய்ய வேண்டும். குழந்தைகளும் கால்நடைகளும் கோழிகளும் அணுகாதபடி வளைக்குள் வைத்து மூடுவது அவசியம்.

மூன்றாவது, தானியத்தை நன்றாக உலர்த்திச் சேமித்தால் வண்டும் பூஞ்சணமும் அணுகா. ஆனால் உலர்ந்த தானியமும் எலிக்கு நீர் கொடுக்கும் என்பதை மேற்கண்ட கணக்கிலிருந்தே அறியலாம். ஆகையால் கிடங்கின் சுவர், கதவு, தளம் இவற்றில் சந்தில்லாமல் அடைப்பதே காவல். வீட்டெலிகளுக்குக் குடிநீர் வேண்டியிருப்பதால், கிடங்கருகே தண்ணீர் தேங்கவிடாமல் இருப்பதும் உதவும்.

நான்காவது, ஒருவர் மட்டும் தம் நிலத்தில் எலியை ஒழித்தால் அடுத்த நிலத்து எலி அந்த வளையில் குடியேறிவிடும். எலிக்குச் சர்வே கல் தெரியாது. ஆகையால் ஊரார் அனைவரும் ஒரே வாரத்தில் சேர்ந்து செய்ய வேண்டிய காரியம் இது. கூட்டுறவுச் சங்கத்தைக் காட்டிலும் இதற்கு ஏற்ற ஸ்தாபனம் வேறில்லை.

இன்னும் ஒரு வார்த்தை. கோடை வெயிலில் ஏர் பிடிப்பவர்களும் களை பறிக்கும் பெண்களும் தாகத்தை அடக்கிக்கொண்டு நாள் முழுவதும் உழைப்பதைப் பெருமையாக எண்ணுகிறார்கள். நமக்கு வளையும் இல்லை. நீண்ட காம்புள்ள சிறுநீரகமும் இல்லை. வியர்வையாகப் போகும் நீரோ ஏராளம். எலியால் இயன்றது நம்மால் இயலாது. ஆகவே வேலைக்குச் செல்லும் இடத்திற்கு ஒரு குடம் நல்ல தண்ணீரும் உடன் செல்ல வேண்டும்.

முற்கூறிய சங்கத்தில், ஒத்திவைத்த தீர்மானம் அடுத்த வருஷம் மறுபடியும் வந்தது. அதைப் பிரேரேபித்தவர் முன்பு கேள்வி கேட்ட அந்தப் பெரியவரே. இவ்வருஷம் தங்கள் சங்கத்தின் பொதுக்கூட்டத்திலும் இவ்விஷயத்தை ஆலோசனைக்குக் கொண்டுவருமாறு அங்கத்தினர்களைக் கேட்டுக்கொள்கிறேன். விதை மண்ணில் விழுவதற்கு முன்பே அதைச் செய்யவேண்டும்.